மாமா புதுப்பித்த வாட்ச்

எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லாத நாளிலும் அக்கா எல்லோருக்கும் நாடி பார்ப்பாள். பன்னிரண்டாவது முடித்து, வேலூரில் நர்சிங் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் பழைய வாட்சில் விநாடி முள் ஓடுவதைப் பார்த்தபடி உதடு அசையாமல் எண்ணுவாள். நான்காம் வகுப்பில் இருந்த நான்தான் அவளுடைய நிரந்தர நோயாளி.

அந்த வாட்ச், தாத்தா பட்டு விற்க பம்பாய் போனபோது வாங்கியது. டயல் மஞ்சள் பூத்து, ஓரத்தில் மிளகளவு பழுப்புக் கறையோடு இருக்கும். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து வந்த ஒரு பெரியவர், முதலாளியின் கடையில் அப்பாவின் கையைப் பார்த்ததும் புடவையை மறந்துபோனார். பழைய வாட்ச் சேர்ப்பவராம். அவர் சொன்ன விலை அக்காவின் முதல் வருடக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கட்டணம் கட்டத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

நாங்கள் நெசவுக்காரர்கள். நெய்த புடவையை முதலாளியிடம் கொண்டுபோகும் முன்பு அம்மா அதை வெளிச்சத்தில் விரித்து, நீட்டிக்கொண்டிருக்கும் இழையையெல்லாம் வெட்டி, பொட்டு அழுக்கு இருந்தாலும் பெட்ரோல் தொட்டு எடுத்துவிடுவாள். கறையோடு சரக்கைக் கொடுத்தால் கூலியில் கைவைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் அம்மாவின் தம்பி. சனிக்கிழமை யாரும் கேட்காமலே அந்த மாமா வாட்சை எடுத்துப்போய், தன் கைக்காசைப் போட்டுப் புது டயல், புது முள், புதுச் சாவி எல்லாம் மாற்றி, பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார். அக்கா படிப்புக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு. விநாடி முள் சிவப்பாக இருந்தது. வீடே சொக்கிப்போனது. எனக்கு அதை விற்கவே மனமில்லை.

ஞாயிறு காலை வந்த பெரியவர், கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் பார்த்த வாட்ச் இல்லைங்களே."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "மாத்தி வச்சிட்டேன்னு சொல்றீங்களா? ஜரிகையில ஒரு இழை மாத்தினது கிடையாதுங்க எங்க வூட்ல."

பெரியவர் பதறிப்போனார். உள்ளே இருக்கும் மிஷின் அதேதான். ஆனால் தன்னைப் போன்றவர்கள் ஆசைப்படுவதே அந்த மஞ்சளுக்கும் கறைக்கும்தான். கூடவே பிறந்த டயல் போனால் விலையில் முக்கால்வாசி அதோடு போய்விடும். இப்படியே என்றால் தனக்கு வேண்டாம் என்றார்.

"பழைய டயல் கிடைச்சா திரும்ப மாட்டிக்கலாம். சொன்ன விலையே தரேன்."

மாமா செருப்புகூடப் போடாமல் சைக்கிளை எடுத்தார். வாட்ச் ரிப்பேர்காரர் வீடு பெரிய காஞ்சிபுரத்தில் இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். அம்மா கொடுத்த காபியில் ஆடை கட்டியது. பெரியவர் தன் கையில் மணி பார்ப்பதும், வாசலில் நின்ற காரைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் அக்கா வாசல்வரை வந்து, வந்த வேகத்தில் உள்ளே போனாள். நானும் பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன், அந்த டயல் கிடைத்துவிடக் கூடாது என்று.

மாமா திரும்பியபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு மாத்திரைக் கவரை நீட்டினார். உள்ளே பழைய முள்ளும் சாவியும் மட்டும் இருந்தன.

"டயலை நேத்தே குப்பையில போட்டுட்டாராம். காலையில வண்டி வந்து அள்ளிக்கினு போயிட்டுது. தெருத் தொட்டியெல்லாம் கிளறிப் பாத்துட்டேன்."

அவர் கையெல்லாம் அழுக்கு. பெரியவர் எழுந்து, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார். அப்பா இரண்டு அடி அடித்திருந்தால் மாமாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கையக் கழுவிக்கினு வா மச்சான். சாப்பிடலாம்" என்றார் அப்பா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது வாட்ச் எங்களோடேயே தங்கிவிட்டது. சாயங்காலம் அதை எடுத்துப்போய் அக்காவின் மடியில் வைத்துக் கையை நீட்டினேன்.

"நாடி பாருக்கா. இப்போ முள்ளு நல்லா தெரியுது."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சிவப்பு முள் ஒரு சுற்று ஓடியது. இன்னொரு சுற்றும் ஓடியது. அவள் கையை விடவில்லை.

"எத்தினிக்கா?"

"தெரியலடி."

புது வாட்ச் வந்ததும் அக்காவுக்கு எண்ணத் தெரியாமல் போய்விட்டது என்று, அம்மாவிடம் ஓடிப்போய்க் கோள் சொன்னேன்.