வலிக்காத வலது கால்

முதல் அறிகுறி என்று நான் எழுத வேண்டியதை அன்றைக்கு வரம் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் முழங்காலிட்டிருந்தபோது என் வலது கால் வலிக்கவில்லை. அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில், பங்குக் கோயில் நடத்திய பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அந்த ஆண்டு ஞான ஒடுக்கம் (மூன்று நாள் மௌனமாக இருந்து செபிப்பது) முடிந்ததும், பங்குச் சாமியார் பெண்கள் ஆறு பேருக்குத் தினசரி தியானம் பழக்கினார். காலைப் பூசைக்கு முன் அரை மணி நேரம், வெறும் கடப்பைக்கல் தரையில் முழங்காலிட வேண்டும். நற்செய்தியில் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதற்குள் நாமும் போய் நிற்க வேண்டும். கால் வலித்தால் மாற்றி வைக்கக் கூடாது. வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் உயிர் போயிற்று. பிறகு வலது கால் அடங்கிப்போனது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. சாமியாரிடம் சொன்னேன்.

"காலே இல்லாத மாதிரி இருக்குது சாமி."

"உடம்பை ஜெயிச்சிட்டம்மா. எல்லாருக்கும் கிடைக்கிற கொடை இல்ல இது."

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிப் பேசினார். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன், உள்ளே பெருமை பொங்கியது. அந்தப் பெருமையைக்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கினேன். கெண்டைக்காலில் வெளிறிய படை ஒன்று இருந்தது. தேமல் என்று விட்டுவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. ஒரு மாலை பள்ளியிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வாசலிலிருந்து கத்தினார்.

"இன்னாடி இது, வூடு முழுக்க ரத்தம்?"

என் உள்ளங்காலில் வேலிக்காத்தான் முள் விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. அதோடு பள்ளியிலிருந்து நடந்து வந்திருக்கிறேன். அவர் பிடுங்கினார்.

"வலிக்கலயா?"

"இல்லியே" என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை.

புண் ஆறாததால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள் என்றார். எப்போது தொடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தொட்டு முடித்திருந்தார்.

தொழுநோய். கணுக்கால் நரம்பு தடித்துச் செத்துவிட்டது.

"எவ்வளவு நாளா மரத்துப்போயிருக்கு?"

"மூணு வருஷமா."

"படிச்சவங்கதானே நீங்க? ஆரம்பத்துலயே வந்திருந்தா இந்த நரம்பைக் காப்பாத்தியிருக்கலாம்."



ஆறு ஆண்டுகள் டாப்சோன் (நோய்க்கிருமியை மெல்ல மெல்ல அழிக்கும் மாத்திரை) சாப்பிட்டேன். கிருமி போனது, உணர்ச்சி திரும்பவில்லை. புண் எலும்புவரை இறங்கியதால் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பள்ளியில் நீண்ட லீவு போடச் சொன்னார்கள். கோயிலில் நான் உட்கார்ந்த பக்கம் யாரும் உட்காரவில்லை. சாமியார் எட்ட நின்றே ஆசீர்வதித்தார். அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுத முடியாது.

தியானத்தை மட்டும் விடவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன். இயேசு குஷ்டரோகியைத் தொடும் காட்சியில் முன்பெல்லாம் நான் சீடர்களுக்குப் பின்னால் பத்திரமாக நிற்பேன். இப்போது எனக்கு அங்கே ஒரே இடம்தான். அந்த மனிதனுக்கு ஒரு சொல்லில் குணமாயிற்று, எனக்கு ஏன் இத்தனை வருடம் என்று தினமும் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அந்த அரை மணியில் பாதி காலுக்கே போகிறது. உள்ளங்காலுக்கு அடியில் கண்ணாடி பிடித்து, கீறலோ கொப்புளமோ இருக்கிறதா என்று தேடுகிறேன். அது என் கால்தான் என்று கண் சொல்லித்தான் தெரிகிறது. இதே நோயோடு இதை வாசிப்பவர்கள் தினமும் பாருங்கள், ஒருநாள்கூட விடாதீர்கள்.

குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுத்த ஆண்டு, சாமியார் வீடு தேடி வந்தார்.

"தியானத்தால சொகமானேன்னு கோயில்ல சாட்சி சொல்லணும்மா."

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினேன்.

"என்னைச் சொகமாக்கினது மாத்திரை. மரத்துப்போன காலை வரம்னு சொன்னாங்க, நானும் நம்பினேன். உங்கள்ல யாருக்காவது உடம்புல ஒரு இடம் மரத்திருந்தா மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. செபம் அப்புறம் பண்ணலாம்."

சாமியார் பாட்டை ஆரம்பிக்கச் சொல்லிக் கை காட்டினார்.

மறுநாள் விடிந்ததும் பிலோமினா வந்தாள். என்னோடு தியானம் பழகிய அந்த ஆறு பேரில் ஒருத்தி. நான் கோயிலில் முழங்காலிடுவதை நிறுத்திய பிறகு, அசையாமல் முழங்காலிடுபவள் என்ற பெயர் அவளுக்குப் போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கினாள்.

"டீச்சர், எனக்கும் ரெண்டு மாசமா வலிக்கல. சாமியாராண்ட மட்டும்தான் சொன்னேன். சந்தோசப்பட்டாரு."

அன்று நான் தியானத்துக்கு உட்காரவில்லை. அவளை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அவள் செபமாலை உருட்டினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரெண்டு மாசம்தான், ரெண்டே மாசம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.