டீச்சர் வீட்டு மாடு

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் சந்தையில் நோக்கோல் இலையைக் கட்டுக் கட்டாகக் கட்டி விலைக்கு வைத்திருந்தார்கள். இலை மட்டும். கிழங்கு பக்கத்தில் தனியாக, தனி விலையில். ஒரு கட்டை எடுத்து விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க? சத்தான எல. கொழும்புல இருந்து வர்றவங்கெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

இதே சந்தையில் இதே இலையை நான் கீழே குனிந்து சும்மா பொறுக்கியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். காசைக் கொடுத்துக் கட்டை வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது ஒரு காம்பை ஒடித்து மோந்து பார்த்தேன். பச்சை முள்ளங்கி மாதிரி ஒரு காரமான வாடை. அந்த வாடைக்குப் பின்னால் எங்கள் பழைய தோட்டத்து லயமே எழுந்து வந்துவிட்டது.

நாட்டில் எல்லாமே தீர்ந்துபோன அந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. நீங்களும் ஏதோ ஒரு வரிசையில் நின்றிருப்பீர்கள். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்தார். கடையை மூடிவிட்டார்கள். ஒரு பையோடும் தன்னுடைய நீளமான கரண்டியோடும் நோர்வூட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினார். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரே கூரையில் வரிசையாகக் கட்டின வீடுகள்தான் லயம்; ஆறு காம்பராவில், அதாவது ஆறு வீட்டில், மூன்றாவது எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கப் போனார். நான் ஆசிரியர் உதவியாளராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சம்பளம் என்று அதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கும்.

அம்மா யாரிடமும் சொல்லாமல் பாஸ்போட் எடுத்துவிட்டார். வெளிநாட்டில் வீட்டு வேலை. ஏஜென்சிக்காரர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போய்விட்டார். அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கடைசியில், "தீபாவளி வரைக்கும் பொறு. நீயும் பாப்பாவும் கொண்டார்றதுலயே இந்த வீட்ட நான் ஓட்டிக் காட்டுறேன்" என்றார். பாப்பா நான்தான்.

"முடியலன்னா?"

"முடியலன்னா போ."

"அப்ப தடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மா பாஸ்போட்டை ஒரு பொலித்தீனில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்தார். அரிசி குறையக் குறைய அது மேலே தெரியும். அளவுச் சுண்டை விட்டு அரிசி அள்ளும்போதெல்லாம் என் விரலில் படும். அதைத் தொட்ட விரலை நான் பாவாடையில் துடைத்துக்கொள்வேன், ஏனென்று தெரியாமலே.

அப்பா வேலையை ஆரம்பித்தார். நோர்வூட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போய், மூட்டையின் அடியில் தங்கும் உடைந்த பருப்பைக் கேட்டு வாங்கினார். பெரிய ஓட்டல்களெல்லாம் அப்படித்தான் வாங்குமாம். "ஒடஞ்சது சீக்கிரம் வேகும் நானா, வெறகு மிச்சம்" என்றார். நானாவுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போய், கருவாட்டுத் தலைகளையும் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார்.

இலை பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிறு சந்தை கலையும் நேரத்தில் நோக்கோல், பீட்ரூட், முள்ளங்கி இலைகள் மலைபோலக் குவிந்து கிடக்கும். மாடு வளர்ப்பவர்கள்தான் சாக்கில் அள்ளிப் போவார்கள். நானோ டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத டீச்சருக்கு இருக்கும் மிதப்பு, பள்ளிக்கூட அதிபருக்குக்கூட இருக்காது. தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, திருடுகிறவள் மாதிரி அள்ளுவேன். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், மாடு வாங்கிட்டீங்களா?"

என் வகுப்புக் காஞ்சனா. நான் யோசிக்கவே இல்லை. "ஆமா" என்றேன்.

வீட்டில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் கைக்கு நூறு பேருக்குத்தான் சமைக்கத் தெரியும். மூன்று பேருக்குச் சமைக்கத் தெரியாது. தண்ணீர் கூடும், அதைச் சரிக்கட்டப் பருப்பு கூடும், உப்பைக் கேட்கவே வேண்டாம். இலையை அள்ளிப் போட்டு ஈடுகட்டினால் சட்டி நிரம்பிவிடும். "மிச்சம் புடிக்கிறேன்னு சொல்லிட்டு ஊருக்கே ஆக்கி வச்சிருக்கீங்களே" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அரிசி டின்னில் பாஸ்போட் முழுசாக மேலே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாசலில் ஒரு பெண் நின்றார். கையில் கழுவிக் கவிழ்த்த சோடாப் போத்தல். மேல் லயத்துக் காஞ்சனாவின் அம்மா.

"டீச்சர், மாடு வாங்கியிருக்கீங்கன்னு புள்ள சொல்லிச்சு. சின்னவனுக்குக் குடுக்கப் பால்மா கெடைக்கல. அரைப் போத்தல் பால் தந்தீங்கன்னா..."

லயத்தின் ஆறு வாசலும் எட்டிப் பார்த்தது. அப்பா கரண்டியோடு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், மூலையில் இருந்த இலைச் சாக்கைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"மாடு இல்லம்மா. அந்த எலயத் திங்கிற மாடு நாங்கதான். வாங்க, உக்காருங்க" என்றார்.

லயமே சிரித்தது. நான் உள்ளே ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் எங்கள் படியில் உட்கார்ந்து, கருவாட்டுத் தலை போட்ட இலைப் பருப்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னவனுக்குப் போத்தலில் பாலுக்குப் பதிலாகப் பருப்புத் தண்ணீர் போனது. அடுத்த நாள் அவர் மூன்று சுண்டு அரிசியோடும் ஒரு கட்டு மிலாறோடும் வந்தார். கவ்வாத்து வெட்டின தேயிலைக் கிளைதான் மிலாறு, எங்கள் பக்கத்து விறகு. "அண்ணே, எங்களுக்கும் சேத்து ஆக்கிருங்களேன்."

அடுத்த காம்பராவிலிருந்து ஒரு குரல்: "ஏன், நாங்கல்லாம் மனுசர் இல்லியா?"

அந்த வெள்ளிக்கிழமை அப்பா தோட்டத் தலைவரிடம் கேட்டு மாரியம்மன் கோயில் அண்டாவை வாங்கி வந்தார். ஆறு வீட்டு அரிசி, மேல் லயத்துக் காஞ்சனா வீட்டு அரிசி, ஒரே அடுப்பு. ஏழு வீட்டில் ஏழு தேங்காய் போன இடத்தில் இரண்டு போதும் என்றார். போதுமாக இருந்தது. நானாவிடம் பருப்பை மூட்டையாகவே எடுத்தோம். முதல்நாள் அண்டாவில் கை வைத்ததும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உப்பை அள்ளி வீசினார், ருசி பார்க்கவே இல்லை. அவ்வளவு சரியாக இருந்தது.

அதன்பிறகு சந்தைக்கு நான் தனியாகப் போகவில்லை. லயத்துப் பெண்கள் நாலு பேர் என்னோடு வந்தார்கள். அம்மாவும் வந்தார். நான் அள்ளுவதைப் பார்த்துவிட்டு, "தள்ளு புள்ள. கொழுந்து எடுக்குறவளுக்கு எலயப் பத்தி நீ சொல்லித்தராத" என்றார். இரண்டு விரலால் காம்பைத் தொட்டே இளசையும் முத்தலையும் பிரித்தார். முத்தல் இருந்தால் கொழுந்து நிறுக்கும்போது எடையில் கழித்துவிடுவார்கள் என்று ஆயுசு முழுக்கப் பயந்த விரல்கள். அன்றைக்கு அந்த விரல்களே அதிகாரி. நான் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். காஞ்சனா எதிரில் வந்தாள். "மாட்டுக்கா டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தாள். "ஆமாடி, ஏழு மாடு" என்றேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் ஏஜென்சிக்காரர் போன் எடுத்தார். டிக்கட் தயாராம். அம்மா அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார்.

"சோத்துக்குத்தானேங்க அவ்ளோ தூரம் போகணும்? சோறு இங்கயே ஆவுது."

வைத்துவிட்டுத் தேங்காயைத் துருவினார். அப்பா திரும்பவே இல்லை, கிண்டிக்கொண்டே இருந்தார். புகை கண்ணில் பட்டது என்று பிறகு சொன்னார். அந்தப் புகையை நான் நம்பவில்லை. என் வாழ்க்கையில் நான் அதிகம் பெருமைப்பட்ட நாள் எதுவென்று கேட்டால், எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்த நாளைச் சொல்ல மாட்டேன்.

காஸ் திரும்பி வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு தனித்தனியாக எரிந்தது. இரண்டு குடும்பம் கொழும்புக்குப் போனது, மூன்று குடும்பம் மலையடியில் கட்டிக்கொடுத்த தனி வீட்டுக்கு. நாங்களும் ஹட்டனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அண்டா கோயிலுக்குப் போனது. ஒரு முத்திரைகூட விழாத பாஸ்போட் இன்னும் அரிசி டின்னில்தான் கிடக்கிறது. அம்மா எடுக்க விடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோக்கோல் இலையை அப்பா சமைத்தார். இப்போது அவருக்கு மூன்று பேருக்குச் சமைக்க வந்துவிட்டது. சின்னச் சட்டி, அளந்த பருப்பு. ஒரு பருக்கை மிஞ்சவில்லை. உப்பு கச்சிதம்.

அம்மா சாப்பிட்டு முடித்து, சட்டியைச் சாய்த்து உள்ளே பார்த்தார். பிறகு வாசல் பக்கம் ஒருதடவை பார்த்தார்.

"என்னாங்க," என்றார், "யாராச்சும் வந்தா?"