ஆரோன் பேருக்கு முன்னால்

வேதசிரோமணி முப்பத்தொரு வருடம் தாம்பரம் ரயில் பணிமனையில் எலெக்ட்ரீஷியன். ஓடும் மோட்டாரில் இரும்புக் கம்பியை வைத்து, மறுமுனையைக் காதோடு அணைத்து, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசுவதெல்லாம் ஏழு மணி குடும்ப ஜெபத்தில்தான். நாவலூர் அலுவலகத்திலிருந்து மகள் கெசியா அந்நேரத்துக்குள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்துசேர முடியாது. அதனால் ஜெபத்தை அப்படியே பதிவு செய்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். அப்பாவின் குரல் மறந்துவிடுமோ என்ற பயம் கெசியாவைப் பிடித்திருந்தது. கூட்டத்தில் அவர் குரலே ஜெபிக்கட்டும் என்று தீர்மானித்தாள். அவள் வேலையே குரல் மென்பொருள்தான். நானூறு பதிவுகளைச் சுத்தம் செய்தாள். மின்விசிறி இரைச்சல், இருமல், பேச்சில்லாத இடைவெளிகள், எல்லாவற்றையும் வெட்டினாள். அவற்றைக் கேட்டுப் பழகிய இயந்திரம் அப்பாவாகவே ஜெபித்தது. பத்து நாள் கேட்டுக் கேட்டு அழுதாள்.

சனிக்கிழமை காலை அம்மா புஷ்பத்துக்குப் போட்டுக் காட்டினாள்.

"...கெசியாவுக்காக ஸ்தோத்திரம், மூணு வருஷம் எங்களுக்குத் தந்த ஆரோனுக்காக ஸ்தோத்திரம்..."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"நிறுத்துடி. யாரு இது?"

"அப்பாதாம்மா."

"அப்பா ஆரோன் பேருக்கு முன்னால நிப்பாருடி. தினமும் நிப்பாரு. நான் மனசுக்குள்ள 'சொல்லுங்க, சொல்லுங்க'ம்பேன். அப்புறந்தான் பேர் வரும். இவன் என்னடான்னா மளிகை லிஸ்ட் மாதிரி படிச்சுட்டுப் போறான்."

ஆரோன், கெசியா பிறக்கும் முன்பே காய்ச்சலில் போன அண்ணன். அந்த நிறுத்தத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். அதையும்தான் இரைச்சலோடு வெட்டியிருந்தாள். பத்து நாளும் அது இல்லாதது அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடி அப்பாவை நினைத்தாள். குரல் வந்தது. நிற்காமல் வந்தது. இயந்திரத்தின் குரல்.

வாட்ஸ்அப்பைத் திறந்தாள். பழைய பதிவுகள் அங்கே இருந்தன. ஏதோ ஒன்றை அழுத்தினாள். மின்விசிறி. இருமல். அவள் பெயர் வந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

அம்மாவின் உதடுகள் அசைந்தன. கெசியா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அப்பா சொல்லாமலே போய்விடுவாரோ என்று இருந்தது.

"சொல்லுங்கப்பா" என்றாள்.