எது நடந்தாலும் இறங்கக் கூடாது

அகமது மீரான் இருபது வருடத்துக்குக் கிட்ட தோஹாவில் ஒரு கடற்கரை ஓட்டலில் வேலை பார்த்தார். வேலை என்றால், விருந்தினர்கள் துடுப்புப் போட்டு விளையாடிவிட்டு வரும் பிளாஸ்டிக் படகுகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது. வேலைக்காரர்கள் படகில் உட்காரக் கூடாது. ஓட்டல் கைமாறியபோது, இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் படகு ஒன்றைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள். மீரான் அதைக் கேட்டு வாங்கி, கப்பலில் ஏற்றி, அம்பாசமுத்திரத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

அவர் மனைவி ஃபஹ்மிதா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் கம்பளி கொண்டு வருவாவ, சென்ட்டு கொண்டு வருவாவ. நீங்க என்ன, மாட்டுக்குத் தண்ணி காட்டுத தொட்டியக் கொண்டாந்திருக்கிய?"

"தொட்டி இல்ல பிள்ள, தொழிலு" என்றார் மீரான்.

தொழில் இதுதான். அணைக்குக் கீழே ஆறு சமதரைக்கு வந்து நிதானமாகும் இடத்தில் படகை இறக்குவது. ஆளை முன்னால் உட்காரவைத்து, பின்னால் இருந்து துடுப்புப் போட்டு, கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் கொண்டு சேர்ப்பது. வழியில் பாறைகளுக்கு நடுவே சின்னச் சலசலப்பு இரண்டு உண்டு. மற்றபடி பச்சைப் பிள்ளையும் பயமில்லாமல் போகலாம் என்று பலகை எழுதி வைத்தார். அதற்கு முன்னால் ஒரு மாதம் அந்தத் தண்ணீரில் அவரே விழுந்து எழுந்து, குடிக்க வேண்டியதெல்லாம் குடித்துத்தான் கற்றுக்கொண்டார்.

முதலில் வந்தவர் ஸ்வாமிநாதன். புனேயில் இன்சூரன்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, கல்லிடைக்குறிச்சிக்கே திரும்பியவர். பருத்த உடம்பு. நீச்சல் தெரியாது. விதிமுறை என்றால் உயிர்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ரூல்ஸைச் சொல்லிடுங்கோ."

மீரானிடம் அப்படி ஒன்றும் கிடையாது. தோஹாவில் பயிற்சியாளர்கள் அடிக்கடி கத்துவது மட்டும் ஞாபகம் வந்தது. "எது நடந்தாலும் படக விட்டு எறங்கப்படாது சார்."

"எது நடந்தாலும்?"

"எது நடந்தாலும்."

ஸ்வாமிநாதன் பயபக்தியோடு தலையாட்டினார்.

முதல் சலசலப்பை நன்றாகவே தாண்டினார்கள். தண்ணீர் முகத்தில் அடித்ததும் ஸ்வாமிநாதன் குழந்தை மாதிரிக் கெக்கலித்தார். மீரானுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டாவதை நெருங்கும்போது படகு சோர்ந்தது, கொஞ்ச தூரம் ஊர்ந்தது, 'கர்ர்' என்று கூழாங்கல்லில் உரசி நின்றுவிட்டது. அணையில் வயலுக்குத் திறந்த தண்ணீரை அன்று காலையோடு அடைக்கிறார்கள் என்பது ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும், மீரானைத் தவிர. படகைச் சுற்றிக் கணுக்கால் அளவுதான் தண்ணீர் கிடந்தது.

"எறங்குங்க சார். பைய நடந்து கரையேறிருவோம்."

"எறங்கப்படாதுன்னேளே?"

"அது தண்ணி இருந்தாத்தான் சார்."

"எது நடந்தாலும்னு ரெண்டு தடவை சொன்னேள். தண்ணி வத்தறதும் நடக்கற விஷயந்தானே?"

மீரான் மட்டும் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். படகு ஒரு முழம் நகர்ந்தது. ஸ்வாமிநாதன் தம் பங்குக்குத் துடுப்பால் கூழாங்கல்லைத் தள்ளினார். ஒன்று மீரானின் கணுக்காலைப் பதம் பார்த்தது.

நெல் மூட்டை தூக்கும் ஆட்கள் சற்றுத் தள்ளிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவரான மந்திரமூர்த்தி சோப்பு நுரையோடு நிமிர்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, சாருக்குக் கால் நடக்க வராதா?"

"காலு நல்லாத்தான் இருக்கு வே. எறங்க மாட்டேங்காரு."

மந்திரமூர்த்தி மேற்கொண்டு காரணம் கேட்கவில்லை. அவர் தூக்கிய மூட்டை எதுவும் காரணம் சொன்னதில்லை. "ஏலே, வாங்கலே. ஒரு கை பிடிங்க."

ஆறு பேர் படகைத் தோளில் ஏற்றிக் கரையோரமாக நடந்தார்கள். மேலே ஆரஞ்சு மிதவைச் சட்டையும் தலைக்கவசமுமாக ஸ்வாமிநாதன், இடமும் வலமும் மாறி மாறிக் காற்றில் துடுப்புப் போட்டார். துணி துவைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். சாமி வருகிறதென்று ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். "எந்தக் கட்சி வே ஜெயிச்சிருக்கு?" என்று யாரோ கூவினார்கள். பின்னால் வெறுங்கையோடு நடந்த மீரானுக்கு, ஆற்றில் முங்கிவிடலாமா என்றிருந்தது. முங்குவதற்கும் தண்ணீர் இல்லை.

படித்துறையில் ஸ்வாமிநாதனின் மனைவி மஹாலக்ஷ்மி காத்திருந்தாள்.

"ஆத்துலன்னா வரப்போறேன்னேள்?"

"ஆத்தோடதான்டீ வந்தேன். கொஞ்சம் உசரத்துல."

"இப்ப எறங்கலாம் சார்" என்று மீரான் முறைப்படி அறிவித்த பிறகுதான் ஸ்வாமிநாதன் காலைக் கீழே வைத்தார். மீரானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "சொன்ன இடத்துல கொண்டு விட்டேளே ஐயா. தண்ணி இல்லேன்னு சாக்குச் சொல்லாம!"

அடுத்த வாரத்திலிருந்து ஆள் வரத் தொடங்கியது. எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "தூக்கிட்டுப் போவாவளே, அதானே?" மறுபடி தண்ணீர் திறந்த நாளில், களக்காட்டிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பத்திடம் இன்று ஆற்றிலேயே போகலாம் என்றார் மீரான். அவர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தண்ணியில போறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

இப்போது பாதித் தூரம் ஆறு, பாதித் தூரம் தோள். மந்திரமூர்த்தியும் தொழிலில் கூட்டு. ஃபஹ்மிதா மட்டும், வந்தால் முழுக்கத் தண்ணீரில்தான் வருவேன் என்று ஒருநாள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டாவது சலசலப்பில் இருவருமாகக் கவிழ்ந்தார்கள். பாறையில் தொற்றி ஏறி, முந்தானையைப் பிழிந்தபடி அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.