வாடகைக் கம்ப்யூட்டரும் கிள்ளான் சந்தனமும்

சொந்தமா வாங்குறதா, வாடகைக்கு எடுக்குறதான்னுதானே கேட்டீங்க? உக்காருங்க, அது ஒரு வார்த்தையில சொல்லுற சமாச்சாரம் இல்ல. எங்க தொழில்ல புரோகிராம் எழுதுறது சின்ன வேலை. எழுதுனதை எந்த மெஷின்ல ஒண்ணாச் சேத்து ஓடுற மாதிரி கட்டுறது, கட்டுனதை எப்படிக் கஸ்டமர் கையில சேக்குறது, யாரு எந்த வேலையில நிக்கிறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, இந்த மூணுதான் மனுசனைப் போட்டு அரைக்கும். நீங்களும் இதே தொழில்தான் போல, தலையாட்டுறதைப் பாத்தாலே தெரியுது.

எம்பதுகளோட கடைசியில கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பூக்கடைக்கு மேல எங்க ஆபீஸ். நான் பகல்ல கிராணி வேலை, அதான் கிளார்க் வேலை பாத்துக்கிட்டே ராத்திரி ஸ்கூல்ல கம்ப்யூட்டர் படிச்சு அங்க சேந்தவன். முதலாளி செல்லத்துரை ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம், கவர்மெண்ட் வேலையில இருந்து ரிட்டயர் ஆனவரு. புரோகிராம் எழுத சரோஜாவும் லிம்மும். லிம்மோட குடும்பம் பந்திங் பக்கத்து எஸ்டேட்ல கடை வச்சிருந்துச்சு, அதனால தமிழ் என்னைவிட வேகமாப் பேசுவான்.

ஆபீஸ்ல இருந்த பழைய மெஷின் இடி இடிச்சாலே நின்னுரும். அதை வித்துட்டு, டெலிபோன் வழியா வேற கம்பெனியோட பெரிய மெஷின்ல வேலை பாப்போம், மணிக்கணக்குக்கு வாடகை குடுத்தாப் போதும்னு சொன்னவன் நான்தான். அப்ப கிள்ளான் முத்தையா அண்ணன் அவரு லோரி கம்பெனிக்கு ஒரு புரோகிராம் கேட்டிருந்தாரு. விஜயதசமிக் காலையில ஆரம்பிக்கணும், வேற நாள்ல புது வேலையைத் தொட மாட்டேன், முடியலைன்னா பெட்டாலிங் ஜெயாவுல வேற ஆளைப் பாத்துக்கிறேன்னுட்டாரு. ஐயா என்னைக் கூப்பிட்டு நிதானமாச் சொன்னாரு: "தம்பி, முத்தையாவின்ர வேலை விஜயதசமிக்கு ஓடினா நீர் இருக்கலாம். ஓடாட்டி நீரும் உம்மட வாடகை மெஷினும் ஒண்டாப் போகலாம்."

மூணு இடம் பாத்த கதை

வாடகைக்கு மெஷின் விடுற கம்பெனி மூணைப் போய்ப் பாத்தேன். ஒண்ணு அம்பாங்ல. புது மெஷின், கண்ணாடி ரூம், குளுகுளுன்னு இருக்கும். ஒண்ணு ஸ்ரீ கெம்பாங்கான்ல. வாடகை கம்மி, ஆனா பக்கத்துல இரும்புப் பட்டறை. அவன் வெல்டிங் போட்டா இவன் மெஷின் கண்ணை மூடிக்கும். மூணாவது மஸ்ஜித் இந்தியாவுல ஒரு துணிக்கடைக்கு மேல. மெஷின் சுமார், ஆளுங்க சுமார், படிக்கட்டு ரொம்ப சுமார்.

ஒரே புரோகிராமை மூணு இடத்துலயும் குடுத்துக் கட்டச் சொன்னேன். அம்பாங்தான் எல்லாத்துலயும் முன்னால. அழகா வெள்ளைப் பேப்பர்ல எழுதி ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுனேன். ஐயா ஓட்டு எடுக்கச் சொல்லிட்டாரு. அவரு முன்னால யூனியன்ல இருந்தவரு, ஓட்டு எடுக்காம கதவைக்கூடத் திறக்க மாட்டாரு. மூணு பேரும் மஸ்ஜித் இந்தியாவுக்குக் கை தூக்கிட்டாங்க. நான் திகைச்சுப் போய் லிம்மைப் பாத்தேன். பிரிண்ட் எல்லாம் அந்தக் கம்பெனியிலதான் வரும், அதைப் போய் எடுத்துட்டு வர்றது அவன் வேலை. அவன் சொன்னான்: "அம்பாங் மெஷின் நல்ல மெஷின்தான் அண்ணே, ஆனா மத்தியானம் அங்க நான் எங்க நாசி கண்டார் திங்கிறது?"

டெலிபோனுக்குள்ள நரி

எங்க புரோகிராம் மஸ்ஜித் இந்தியாவுக்குக் கீய்ங்னு சத்தம் போட்டுக்கிட்டுப் போறதும் டெலிபோன் லைன்லதான், ஐயா சிரம்பான்ல இருக்குற தங்கச்சிகிட்டப் பேசுறதும் அதே லைன்லதான். எனக்கு ஒரு போன், அவரு மேசையில ஒரு போன், லைன் ஒண்ணு. நடுவுல அவரு போனைத் தூக்குனா எங்க வேலை அறுந்து போயிடும், மறுபடி முதல்ல இருந்து.

வேற லைன் கேட்டா, "முதல்ல வேலை ஓடட்டும்"னாரு. சரின்னு நான் ஒரு சிவப்புத் துணி வாங்கி, வேலை ஓடுறப்பல்லாம் அவரு போன் மேல போத்தி வச்சேன். அவரும் மரியாதையானவரு, துணியை நாலா மடிச்சுப் பக்கத்துல வச்சுட்டுத்தான் போனைத் தூக்குவாரு. ஒரு நாள் பாதி கட்டி முடிச்ச நேரம். என் திரை அப்படியே நின்னுச்சு. திரும்பிப் பாத்தா ஐயா போனைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்து ஆறுதலாச் சொல்றாரு: "ரெலிபோனுக்குள்ள ஏதோ நரி ஊளையிடுது தம்பி, நான் வைச்சிட்டன், இனிப் பயமில்லை."

பேப்பர்ல வரும்

மஸ்ஜித் இந்தியாக் கம்பெனிக்காரன் இன்னொண்ணையும் எங்க தலையில கட்டுனான். யாரு எந்த வேலையில இருக்காங்க, எது முடிஞ்சது, எது முடியலைன்னு அவன் மெஷின்லயே எழுதி வைக்கலாம், வாராவாரம் பிரிண்ட் அடிச்சுத் தருவான். எனக்கும் ஆசை. சுவத்துல சாக்பீஸ்ல எழுதிக்கிட்டு இருந்ததை அழிச்சேன். இனிமே எதா இருந்தாலும் பேப்பர்ல வரட்டும், வாயால சொல்லாதீங்கன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். நானே சொன்னதுதான், யாரை நோக?

புரோகிராம்ல லோரி வாடகையைக் கணக்குப் போடுற பகுதி சரோஜா கையில. அது முடிஞ்சாத்தான் நான் மிச்சத்தைச் சேத்துக் கட்ட முடியும். அந்தப் பொண்ணு எனக்கு அடுத்த மேசை, கையை நீட்டுனா அது ஸ்டேப்ளரை எடுக்கலாம். வாரம் முழுக்கக் காத்திருந்தேன். லிம் பேப்பரை எடுத்துட்டு வந்தான், அதுல பாதி நாசி கண்டார் குழம்பு. குழம்பு படாத இடத்துல 'சரோஜா, முடியவில்லை'ன்னு இருந்துச்சு. இன்னும் சில நாள் பொறுத்துப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போய் இன்னும் எவ்வளவும்மா பாக்கின்னு கேட்டேன். அது தலையைத் தூக்காமச் சொல்லுச்சு: "நான் போன வாரமே முடிச்சிட்டேன் அண்ணே, பேப்பர் அடிச்ச பிறகு முடிச்சதால அடுத்த பேப்பர்ல வரும்."

சேலைக்குப் பின்னால

விஜயதசமிக்கு முந்தின வாரங்கள்ல மஸ்ஜித் இந்தியா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். தீபாவளிச் சரக்கு இறங்குற நேரம். நாங்க மெஷின் எடுத்த அதே இடத்துலதான் அந்தத் தெருவுல இருக்குற துணிக்கடைங்க பாதி ஸ்டாக் கணக்குப் போடுது. கடைசியா முழுசாக் கட்ட வேண்டிய எங்க புரோகிராம் வரிசையில நிக்குது, முன்னால சேலை, வேட்டி, பாவாடைத் துணி.

நேராப் போய் நின்னேன். ஆப்பரேட்டர் பஷீர் நல்ல மனுசன், தே தாரிக் டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சான். இங்க பாருங்க தம்பி, இது ஒழுங்கா நடக்கலைன்னா எனக்கு வேலையே இல்லன்னேன். அவன் நான் சொன்னதை மனசு இறங்கித்தான் கேட்டான். கேட்டுட்டு, கீழ கடையில இருந்து வந்த இன்னொரு வேலைச் சீட்டை என் சீட்டுக்கு மேல வச்சுட்டுச் சொன்னான்: "அண்ணே, உங்க புரோகிராம் தீபாவளி முடிஞ்சாலும் புரோகிராம்தான், இவங்க சேலையை அப்புறம் யாரு வாங்குவா?"

வெயில்ல காஞ்சது

எப்படியோ கட்டி முடிஞ்சது. இனி கிள்ளானுக்குக் கொண்டு போகணும். அதுக்கும் நான் முன்னாலயே ஒரு வழி யோசிச்சு, முத்தையா அண்ணன் ஆபீஸ்ல ஒரு மோடம் வச்சிருந்தேன். டெலிபோன் லைன்லயே புரோகிராம் அவரு கம்ப்யூட்டருக்குள்ள வந்து இறங்கிரும். எல்லாம் செட் பண்ணியாச்சு. ஆனா லோரி கம்பெனி போன் எப்ப சும்மா இருக்கும்? காலையில இருந்து டிரைவர், ஹார்பர், கஸ்டமர், மறுபடி டிரைவர். ஒரு வாரம் முயற்சி பண்ணிப் பாத்துட்டு, மோடத்தை மறுபடி பெட்டிக்குள்ள போட்டு அவரு அலமாரி மேல வச்சுட்டு வந்தேன்.

டிஸ்க்ல போட்டு, பிரிக்பீல்ட்ஸ் வழியா போன அவரு லோரியிலயே குடுத்து விட்டேன். டிரைவர் பத்திரமா இருக்கட்டும்னு முன் கண்ணாடிக்குக் கீழ, கண்ணுக்கு முன்னாலயே வச்சுக்கிட்டான். நடுவுல ஷா ஆலம்ல நிறுத்திச் சாப்பிட்டிருக்கான், உச்சி வெயில். போய்ச் சேந்ததும் எனக்குப் போன் பண்ணுனான்: "அப்பளம் மாதிரி கொஞ்சம் எந்திரிச்சிருக்கு அண்ணே, ஆனா ஒண்ணுகூட உடையல."

விஜயதசமிக் காலை

ரெண்டாவது தடவை நானே பஸ் ஏறிப் போனேன். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு செட். ஆயுத பூஜைக்கு முதல் நாள் முத்தையா அண்ணன் கையிலயே குடுத்தேன். பூஜை அன்னைக்கு ஆயுதம் எதையும் தொட மாட்டாங்க, சாமி முன்னால இருக்கும், மறுநாள் காலையில எடுத்து ஓட்டுவோம்னாரு. நியாயம்தானே. வெயில் படாம வைங்க அண்ணே, தண்ணி படாம வைங்கன்னு சொன்னேன். சொல்ல விட்டது ஒண்ணே ஒண்ணு.

விஜயதசமி காலையில நானும் ஐயாவும் போனோம். அவரு வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, என்னை வழியனுப்ப வந்த மாதிரியே இருந்தாரு. யார்டு முழுக்க லோரிங்க, ஒவ்வொண்ணுக்கும் மாலை, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம். சாமி முன்னால ஸ்பானர், ஜாக், அதுக்குப் பக்கத்துல என் டிஸ்க்குங்க. அந்தக் காலத்து டிஸ்க்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறுப்பு உறை, அதுல விரல் நீளத்துக்கு ஒரு திறப்பு, அது வழியாத்தான் மெஷின் உள்ள இருக்குற தகட்டைப் படிக்கும். அந்தத் திறப்புல, சரியா அந்தத் திறப்புல மட்டும், கெட்டியாச் சந்தனம், நடுவுல குங்குமம். ரெண்டு செட்டுலயும், ஒண்ணு விடாம.

முத்தையா அண்ணன் என் மூஞ்சியைப் பாத்துட்டு, வேற எங்கப்பா வைக்கிறதுங்குறாரு. "பூரா கறுப்பு. அந்த ஒரு இடம்தான் நெத்தி மாதிரி விட்டிருந்தீங்க. ஒண்ணுக்கு வச்சிட்டு இன்னொண்ணை விடலாமா?" தொடைச்சுப் போட்டுப் பாத்தோம். மெஷின் ஒரு தடவை கரகரன்னுச்சு, அப்புறம் டிஸ்க் போடுற வாய்க்குள்ளயும் சந்தனம். நல்ல நேரம் மத்தியானத்துக்கு முன்னால முடியுது. ஐயா என்னைப் பாக்கல, சுவத்துல காலண்டரைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அப்பதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நாங்க வந்ததுல இருந்து அந்த ஆபீஸ்ல போனே அடிக்கல. பூஜை முடிஞ்சு எலுமிச்சம்பழம் நசுக்குற வரைக்கும் ஒரு லோரியும் நகராது, அதனால எவனும் கூப்பிடலை. அலமாரி மேல ஏறிப் பெட்டியை எடுத்தேன், தூசி தட்டி மோடத்தை மாட்டுனேன். மஸ்ஜித் இந்தியாவுக்குப் போன் போட்டு, பஷீர், கட்டி வச்சதை அப்படியே லைன்ல அனுப்புங்க, சேலை எல்லாம் ஒரு ஓரமா நிக்கட்டும்னேன். என் குரல்ல என்ன இருந்துச்சோ, அவன் சேலையை நிறுத்திட்டான்.

புரோகிராம் வர ஆரம்பிச்சது, மெதுவா. உள் ரூம்ல அதே லைன்ல இன்னொரு போன் இருக்குன்னு எனக்கு ஞாபகம் வந்து ஓடுனேன். அங்க ஐயா ஏற்கெனவே நாக்காலியைப் போட்டு உக்காந்து, போன் மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிக்கிட்டு இருக்காரு. முத்தையா அண்ணன் சம்சாரம் பக்கத்துல நின்னு, ஐயருக்கு ஒரு போன் பண்ணணுங்க, சும்மா ஒரு நிமிசம்லான்னு கெஞ்சிக்கிட்டு இருந்தாங்க. அவரு தலையை ஆட்டிக்கிட்டே சொன்னாரு: "மன்னிக்கோணும் பிள்ளை, உள்ளுக்கு நரி போய்க்கொண்டிருக்கு."

நல்ல நேரம் முடியுறதுக்குள்ள முதல் லோரிக்குப் பில் அடிச்சு வந்துச்சு. முத்தையா அண்ணன் அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டுச் சாமி முன்னால வச்சாரு, வெளிய எலுமிச்சம்பழம் நசுங்குற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வர்றப்ப பஸ்ல ஐயாவும் நானும் ஒண்ணா உக்காந்தோம். சுங்கை ராசா தாண்டுன பிறகு மெதுவாச் சொன்னாரு: "சரி, நீர் இரும். நாளைக்குப் போய் எனக்குச் சிரம்பானுக்குக் கதைக்க வேற லைன் ஒண்டு எழுதிப் போடும்."

ஆகவே நீங்க கேட்டதுக்குப் பதில் என்னன்னா... ஒரு நிமிசம். என்ன சரோஜா? யாரு, கிள்ளான் முத்தையா அண்ணனா லைன்ல? ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்காராமா? எங்க சந்தனம் வைக்கிறதுன்னு முன்கூட்டியே கேக்குறாராமா? இரு இரு, வச்சிரச் சொல்லாத, இந்தா வரேன்.

போயிட்டு வரேங்க, சொந்தமோ வாடகையோ எதை வேணும்னாலும் எடுங்க, எடுக்குற நீங்க ஒரு பக்கம் யோசிச்சா அதை வாங்கிச் சாமி முன்னால வைக்கிற கஸ்டமரு இன்னொரு பக்கம் யோசிப்பாருங்கறதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.