மீரான் இறங்கிய பஸ்

சித்தாறு கால்பந்து அணி ஞாயிற்றுக்கிழமை ஜெயித்ததா தோற்றதா என்று திங்கட்கிழமை காலையில் தென்காசியில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆலங்குளம் போகிற முதல் பஸ்ஸின் ரப்பர் ஹாரனே சொல்லிவிடும். ஜெயித்திருந்தால் டிரைவர் மாடக்கண்ணு ஊர் தாண்டும்வரை அதை அமுக்கிக்கொண்டே போவான். தோற்றிருந்தால் குறுக்கே மாடு நின்றாலும் தொடமாட்டான். வண்டியை நிறுத்திவிட்டு, அதுவாகப் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பான்.

அணியைத் தொடங்கியவர் தாணுமாலயன். கோயிலில் முதல் மரியாதை பெறும் பழைய நிலக்காரக் குடும்பம். பந்தாட்டம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பர்மா சண்டையிலிருந்து திரும்பிய முகம்மது மீரான், பட்டாளத்தில் ஆடிப் பழகியவர், பையன்கள் ஓட ஓர் இடம் கேட்டார். குத்துக்கல்வலசைப் பக்கம் தரிசாகக் கிடந்த நிலத்தைத் தாணுமாலயன் கொடுத்தார். பந்தும் வாங்கித் தந்தார். மற்றதெல்லாம் மீரான் பாடு என்று விட்டுவிட்டார்.

மீரான் விடியலில் பையன்களைக் குற்றாலம்வரை ஓடவிடுவார். அருவியில் கொஞ்சம் நிறுத்திவைத்து, ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பவும் ஓட்டிக்கொண்டு வருவார். நம்பிராஜன் என்கிற ஒல்லிப் பையனுக்கு இடது கால் வழங்கவில்லை என்று, மாதக்கணக்கில் வலது காலால் பந்தைத் தொடவே விடவில்லை. வெறுங்காலில் ஆடிய அந்த அணி அம்பாசமுத்திரத்துக்காரர்களையும் செங்கோட்டைக்காரர்களையும் திணறடித்தது. மாடக்கண்ணு ஞாயிறு டூட்டியை யார் காலையாவது பிடித்து மாற்றிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நிற்பான்.

“கட்டுன பொண்டாட்டி பேரைக் கேட்டா யோசிச்சுச் சொல்லுவாக. அந்தப் பதினோரு பேரு பேரைத் தூக்கத்துல சொல்லுதாக” என்பாள் அவன் மனைவி வள்ளித்தாய்.

ஐம்பத்தொன்பதில் தாணுமாலயன் காலமானார். பிள்ளைகளுக்கு அணியைக் கட்டிக்காக்க மனமில்லை. ஆலங்குளத்தில் பஸ் கம்பெனி வைத்திருந்த காந்திமதிநாதன் அதை ஏற்றுக்கொண்டார். அவர்தான் மாடக்கண்ணுவின் முதலாளி.

சேதி கேட்டதும் மாடக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்ஸ் வந்தது. முதுகில் கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை வந்தது. வெளியூர் ஆட்டத்துக்கு அணியை ஏற்றிப்போக ஒரு பஸ். அதற்கு டிரைவர் மாடக்கண்ணு. மீரான் எப்போதும் டிரைவர் பக்கத்து முன்சீட்டில்தான் உட்காருவார். போகிற வழியெல்லாம் இருவரும் அன்றைய ஆட்டத்தைப் பேசித் தீர்ப்பார்கள்.

பூட்ஸ் பழகாத கால்கள் தடுமாறின. அடுத்தடுத்துத் தோற்றார்கள். பழகிவிடும், பொறுங்கள் என்று மீரான் சொன்னார். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆடட்டுமா என்றும் கேட்டுப் பார்த்தார். காந்திமதிநாதனுக்கு அது தன்னைக் குத்திக்காட்டுவதாகப் பட்டது.

பாளையங்கோட்டைக்கு ஆடப் போகிற அன்று மைதானத்து ஓரத்தில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பையன்கள் ஏறிவிட்டார்கள். மீரான் தன் முன்சீட்டில் இருந்தார். முதலாளியின் கார் வந்தது. அவரோடு கொல்லத்துக்காரர் ஒருவர் இறங்கினார். வர்கீஸ் என்று பெயர்.

காந்திமதிநாதன் பஸ்ஸுக்குள் ஏறவில்லை. டிரைவர் ஜன்னலோரம் வந்து நின்றார்.

“ஏலே மாடக்கண்ணு, இனிமே இவருதான் கோச்சு. அந்த சீட்டு இவருக்கு வேணும். மீரானை எறங்கச் சொல்லு.”

இரண்டடி தூரத்தில் இருந்த மீரானுக்கு அது கேட்காமல் இல்லை. இருந்தும் அவரிடம் நேரே சொல்லாமல், தன் டிரைவரிடம் சொன்னார் முதலாளி.

மாடக்கண்ணு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி முன்கண்ணாடியையே பார்த்தான். மூன்று பெண் பிள்ளைகள் அவனுக்கு. பின்னால் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மீரான் தன் பையை எடுத்துக்கொண்டார். “பாத்து ஓட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சித்தாறு அணி ஜெயித்தது. அதுதான் மாடக்கண்ணுவை அதிகம் வதைத்தது. தோற்றிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பான். நம்பிராஜன் கோல் அடித்தபோது கை தானாகத் தட்டப் போயிற்று. பாதியில் அதைப் பிடித்து மடக்கிக்கொண்டான். மறுநாள் ஆலங்குளம் பஸ் ஹாரன் இல்லாமல் போனது. தோற்றுவிட்டார்கள் என்றே ஊர் நினைத்தது.

சாயங்காலம் மீரானின் சைக்கிள் கடைக்குப் போனான். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஜெயிச்சுட்டாவளா?”

“ஆமா, பாய்.”

“யாரு போட்டா?”

“நம்பிராஜன்.”

“எடது காலா?”

“எடது காலு.”

மீரான் தலையை ஆட்டினார். மறுபடி டியூபைத் தண்ணீரில் முக்கினார். மன்னிப்புக் கேட்க வந்தவன் கேட்காமலே திரும்பினான்.

மறுவாரம் மாடக்கண்ணு துணிந்து முதலாளி வீட்டுக்குப் போனான்.

“மொதலாளி, கோச்சை மாத்துதது உங்க இஷ்டம். ஆனா மீரான் பாய் உண்டாக்குன டீமு. ஒரு வார்த்தை அவுககிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்.”

“டீமு யாரோடதுலே?”

“ஊரோடது, மொதலாளி.”

“ஊரா பூட்ஸ் வாங்கித் தந்துது? நீ ஓட்டுதியே, அந்த வண்டியும் ஊரோடதா?”

அடுத்த ஞாயிறிலிருந்து அணி பஸ்ஸுக்கு வேறு டிரைவர். மாடக்கண்ணுவைப் பண்பொழி டிரிப்பில் போட்டார்கள்; ஞாயிறு டூட்டி மாற்றவும் தடை. திருமலைக்கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கும்போது, மைதானத்தில் இந்நேரம் என்ன நடக்குமோ என்றே நினைத்துக்கொண்டிருப்பான். ஆட்டம் பார்த்துவிட்டு வந்து ஏறுகிறவர்களிடம் கேட்பான். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று தன்மேலேயே எரிந்து விழுவான்.

வர்கீஸ் கெட்டிக்காரர். மாவட்டக் கோப்பையை வாங்கித் தந்தார். ஊர் அவருக்கு மாலை போட்டது. அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் தோற்றதும் அவரும் போனார். பிறகு முதலாளியின் மைத்துனர் வந்தார். அவர் வெளியூர் ஆட்களை இறக்கினார். உள்ளூர்ப் பையன்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நம்பிராஜன் போலீஸில் சேர்ந்து மதராஸுக்குப் போய்விட்டான்.

அறுபத்திரண்டு தேர்தலில் காந்திமதிநாதன் நின்றார். ஆட்டக்காரர்கள் நீலச் சட்டையோடு தெருத் தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். அவர் தோற்றார். அதோடு அணிக்கு பஸ் வருவது நின்றது. மறு வருஷம் தாணுமாலயனின் பிள்ளைகள் மைதானத்தில் பருத்தி போட்டார்கள்.

ஊர்க்காரர்கள் சிலர் கூடி, அணியை நாமே நடத்துவோம் என்றார்கள். மீரானைத் திரும்ப அழைத்து வருகிற பொறுப்பை மாடக்கண்ணு ஏற்றான். எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மீரான் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “அவரு மொதலாளி. எறக்கினாரு, எறங்குனேன். அதைப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா அத்தனை பிள்ளைகள்ல ஒருத்தன் எந்திக்கலயே, மாடக்கண்ணு. நீயும் ஸ்டியரிங்கைத்தான பிடிச்சுக்கிட்டு இருந்த?”

“மூணு பொம்பளப் பிள்ளைக, பாய்...”

“தெரியும். அதனாலதான் இம்புட்டு நாளா ஒண்ணும் சொல்லல. இப்ப நீ கூப்பிட வந்ததால சொல்லுதேன்.”

அவர் வரவில்லை. அணி பண்பொழியில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியது. இடைவேளையில் யாரை மாற்றுவது என்று தங்களுக்குள் சண்டை பிடித்து, மீதி ஆட்டத்தை ஆடாமலே கலைந்தது. சித்தாறு அணி அத்தோடு முடிந்தது. அன்று இரவு மாடக்கண்ணு சாப்பிடவில்லை. வள்ளித்தாய் வற்புறுத்தவும் இல்லை.

அறுபத்தைந்தில் மதராஸ் போலீஸ் அணி பாளையங்கோட்டைக்கு ஆட வந்தது. நம்பிராஜன் பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மாடக்கண்ணு மீரானிடம் போய்ச் சொன்னான். அவர் கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தார். ஆனால் ஞாயிறு மதியம் பஸ்ஸில் ஏறினார். லீவு போட்டுப் பயணியாக வந்த மாடக்கண்ணுவின் பக்கத்தில் இடம் இருந்தும் கடைசி சீட்டுக்குப் போனார்.

மைதானத்தில்தான் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டிவந்தது. ஆட்டம் முடியும்வரை நம்பிராஜன் கோட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த அணிக்கும் புதுக் கோச் வந்திருக்கிறாராம்.

திரும்பும் வழியில் ஆலங்குளத்தில் டீ குடிக்க பஸ் நின்றது. மீரான் இரண்டு கிளாஸோடு வந்து ஒன்றை மாடக்கண்ணுவிடம் நீட்டினார்.

“அந்த டீமுக்கு மொதலாளி யாரு?”

“சர்க்காரு, பாய்.”

“சர்க்காருக்கும் கண்ணு தெரியல. அந்தப் பயலை எறக்கியிருந்தா எடது பக்கமே ரெண்டு கோலு போயிருக்கும்.”

“ரெண்டா? எதிர் டீமு கோல்கீப்பரு லேசுப்பட்டவன் இல்ல, பாய். ஒண்ணு போயிருக்கும்.”

“நீ என்னத்தக் கண்ட?” என்றார் மீரான். பஸ் கிளம்பியபோது இருவரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். தென்காசிவரை ஒன்றா இரண்டா என்ற பேச்சு ஓயவில்லை. மாடக்கண்ணு மனதில் அன்று கேட்காமல் விட்ட மன்னிப்பும் இருந்தது. பலமுறை வாயெடுத்தான். அதை அவர் கேட்க விரும்பவில்லை என்று தோன்றியதால் பந்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.