பத்தாவது அசையவில்லை

துறைமுகத்தில் அவளுக்குப் பூச்சிக்காரி என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் செய்கிற வேலையும் அதுவாகவே இருந்ததால் அவள் சண்டைக்குப் போகவில்லை. சரக்கை இறக்கிவிட்டுப் போகும் கப்பல், அலையில் ஆட்டம் கொடுக்காமல் இருக்க வயிறு நிறையக் கடல்நீரை ஏற்றிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏறும்போது அந்த நீரை அங்கே கொட்டும். எங்கேயோ பிறந்த நண்டுக்குஞ்சும் சிப்பிக்குஞ்சும் அதோடு புதுக் கடலில் இறங்கிக் குடித்தனம் பண்ணி, அங்கிருந்த மீனையெல்லாம் பட்டினி போட்டுவிடும். இதைத் தடுக்கக் கப்பலுக்குள்ளேயே ஒரு மெஷின் வைக்கிறார்கள். நீரை வடிகட்டி, புற ஊதா ஒளியில் காட்டி, உள்ளே இருப்பதைக் கொல்கிற மெஷின். அது சொன்னபடி கொல்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

கொட்டுகிற நீரில் ஆயிரம் லிட்டரை வலையில் வடித்து, தங்கியதை ஒரு பாட்டிலில் கொண்டுவருவார்கள். அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, கிடக்கிற ஒவ்வொன்றையும் ஊசி முனையால் சீண்டுவாள். அசைந்தால் உயிர் இருக்கிறது. மொத்தம் ஒன்பது வரை இருக்கலாம். பத்து ஆகிவிட்டால் மெஷின் தேறாது. பதினொரு வருஷமாகச் சீண்டுகிறாள். சீண்டுவது அவளுக்குக் கைவந்த கலை என்பதை அவள் மாமியாரும் ஒப்புக்கொள்வாள்.

மாமியாருக்கு இதில் என்ன என்று கேட்டால், இந்த மெஷினைக் கப்பல்களில் பூட்டுகிறவன் அவளுடைய இளைய மகன், வீட்டின் செல்லப்பிள்ளை. அதாவது பூச்சிக்காரியின் கொழுந்தன். போன வருஷம் அவன் பூட்டிய ஒரு மெஷினில் நாற்பத்துமூன்று உயிர் எண்ணி எழுதிக் கொடுத்தாள். அவனுக்கு வரவேண்டிய பதவி கைநழுவிப் போயிற்று. அன்றிலிருந்து மாமியார் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

"சிலபேருக்கு, சொந்த வீட்டுப் பிள்ளையைக் கவுக்குறதுல அப்படி ஒரு சந்தோஷம்" என்பாள் சுவரிடம்.

கணவன் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பான். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சுவருக்குப் பதில் சொல்லாமல் கொழுந்தனைப் பார்த்து, "அடுத்ததும் தேறாது தம்பி, எழுதி வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அந்த அடுத்த மெஷினின் பாட்டில் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. கொழுந்தன் பூட்டிய மெஷின், வேறு ஆளைப் போடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டாள். வேறு ஆள் எங்கே இருக்கிறது, நீயே எண்ணு என்று அவர் போய்விட்டார். ஆய்வறை வாசலில் கொழுந்தன் நின்றான்.

"அண்ணி, ஒரு வார்த்தை."

"வெளியில நில்லு."

"இதுவும் தேறலைன்னா என்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க. அம்மா தாங்க மாட்டாங்க."

"தாங்குவாங்க. கதவைச் சாத்து."

மதியத்துக்குள் ஒன்பது ஆயிற்று. ஒன்பதும் ஊசி பட்டதும் துள்ளியவை, சந்தேகமே இல்லை. கடைசித் தட்டில் ஒன்றே ஒன்று கிடந்தது, காலை மடக்கிக்கொண்டு. சீண்டினாள். அசையவில்லை. மறுபடி சீண்டினாள். "அசையேன் சனியனே" என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு வருஷமாகச் சுவர் வாங்கிக்கொண்ட ஏச்செல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு கால் லேசாக ஆடிய மாதிரி இருந்தது. அது அவள் கை நடுங்கியதில் நீர் ஆடிய ஆட்டம் என்று அவளுக்கே தெரிந்தது. பத்து என்று போட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. முழங்கையை மேசையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு மூன்றாம் முறை சீண்டினாள். செத்த சவம் செத்த சவமாகவே கிடந்தது.

வயிறு எரிய எரிய ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கதவைத் திறந்து தாளை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

படித்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. "பத்துக்கு ஒண்ணு கம்மி" என்றான் மெதுவாக. "அண்ணி, இந்த உதவியைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"என்னடா உதவி? எண்ணினேன், ஒம்பது இருந்துச்சு."

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தான். "புரியுது அண்ணி. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

மூச்சு விடாதவன் அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தான். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் கூடத்துக்கு வந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். உட்கார வைத்துத் தன் கையாலேயே தட்டில் பரிமாறினாள்.

"இன்னைக்குத்தாம்மா நீ இந்த வீட்டு மருமக" என்றாள்.

"அத்தை, நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கல. இன்னும் ஒண்ணு அசைஞ்சிருந்தா உங்க பிள்ளை மெஷினைக் கழட்டித் தூக்கிட்டு வந்திருப்பான்."

மாமியார் வாய் கொள்ளாமல் சிரித்தாள். "தெரியும், தெரியும். வெளியில அப்படித்தான் சொல்லணும்."

கணவன்கூட வாயைத் திறந்தான். "நாங்க யாரும் சொல்ல மாட்டோம். பயப்படாதே."

அவளுக்குக் காது சூடேறியது. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு வருஷமா என்னைக் கரிச்சுக் கொட்டினீங்க அத்தை. அப்போகூட நான் பொய்க்கணக்கு எழுதுவேன்னு நீங்க நெனைக்கல."

"அதெல்லாம் பழைய கதை" என்று மாமியார் தட்டை அவள் பக்கமே நகர்த்தினாள். "ஆறிடப்போகுது, சாப்பிடும்மா."